தலைமாட்டுச் செடி

முள்ளு குத்துதா கண்ணு? இரு, இந்தப் பக்கம் திருப்பி வெச்சுக்கறேன். சாக்கு ரெண்டு மடிப்பாத்தான் சுத்தியிருக்கேன், அதையும் மீறி எட்டிப் பாக்குது. மேல கம்பில வைங்கன்னு கண்டக்டர் தம்பி சொல்லுச்சு. வைக்கலாம். ஆனா இந்தக் கோத்தகிரி ரோட்டுல ஒரு வளைவுல உருண்டுச்சுன்னா வேர்க்கட்டி உடைஞ்சு போயிரும். வேர்க்கட்டி உடைஞ்சா செடி போச்சு. அதான் மடியில வெச்சிருக்கேன். செடிக்கு வேணா ஒரு டிக்கெட் போட்டுக்கோன்னேன், பொம்பளைங்களுக்கே டிக்கெட் இல்ல, உங்க செடிக்கு எதுக்குன்னு சிரிச்சுட்டுப் போயிருச்சு.

பன்னீர் ரோஸ். பதினோரு வயசாச்சு இதுக்கு. அடிக்கட்டையப் பாரு, எம் பெருவிரலை விட மொத்தம். இந்த வயசுச் செடிய எடுத்து வேற எடத்துல வைக்கறது லேசு இல்ல. எல்லாருக்கும் வராது. ஐப்பசிலதான் எடுக்கணும், மழையும் விட்டுவிட்டுப் பெய்யும், வெயிலும் இருக்காது, செடியும் சோர்ந்த நேரம். ரெண்டு நாளு முன்னாடியே சுத்தி ஒரு முழத்துக்கு வட்டம் வெட்டி, தண்ணி ஊத்தி ஊற விடணும். மேல பாதிக்குப் பாதி கவாத்து பண்ணணும். மொட்டு இருக்கும், மனசு கேக்காது, ஆனாலும் வெட்டிரணும். அப்புறம் அடியில கடப்பாரையை விட்டு மெல்ல நெம்பி, தாய்மண்ணு உதிராம அப்படியே தூக்கி ஈரச் சாக்குல வெச்சுக் கட்டணும். குன்னூர்ல ஒரு கர்னல் வீட்டுத் தோட்டத்துல இருபத்தி ரெண்டு வருஷம் வேலை பாத்தவ நான். என் கையால எடம் மாத்தின செடி ஒண்ணுகூட பட்டுப்போனதில்ல. அதை மட்டும் யாரு முன்னாடியும் சொல்லுவேன்.

எங்கிருந்து எடுத்தேன்னா கேக்கற? கல்லறைத் தோட்டத்துல இருந்து. முகத்த ஏன் அப்படி வெச்சுக்கற, திருடல கண்ணு. எங்க செடிதான். எம் மக ஜெசிந்தா வெச்ச செடி. அவ தலைமாட்டுல இருந்தது.

அய்யோ பாவம்னு சொல்லாத. இரு. உசுரோடதான் இருக்கா. கோத்தகிரில இருக்கா. இப்ப அவகிட்டதான் போயிட்டிருக்கேன்.

பைத்தியம்னு நெனைக்காத. கேளு. எங்க வீட்டுக்காரர் எங்க பங்குக் கோயில்ல உபதேசியாரா இருந்தாரு. உங்களுக்குத் தெரியுமோ என்னமோ, கோயில்ல செபம் சொல்லிக்குடுக்கறது, சாவு வீட்டுக்கு மொதல்ல போயி செபம் சொல்றது, சாமியார், அதான் ஃபாதர், வர்ற வரைக்கும் எல்லாம் உபதேசியார்தான். சூசைமாணிக்கம் உபதேசியார்னு சொன்னா எங்க பக்கம் தெரியாதவங்க இல்ல. ஊருல எந்தப் புள்ள தப்புப் பண்ணினாலும் எங்க வீட்டுக்குத்தான் கூட்டிட்டு வருவாங்க, உபதேசியார் புத்தி சொல்லணும்னு. அப்பேர்ப்பட்ட மனுசன் வீட்டுல, ஒரே மக, கேரட் லோடு ஓட்டற ஒரு பையனோட கோத்தகிரிக்குப் போயிட்டா. கதிர்வேலுன்னு பேரு. வேற மதம், வேற ஆளுங்க. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டு அங்க இருந்து போன் பண்றா. மூணு வருஷம் முன்னாடி, ஆவணி மாசம்.

நான் ஒண்ணும் சொல்லலம்மா. நான் என்ன சொல்லுவேன். எல்லாம் அவருதான். அக்கம்பக்கத்துக் குடும்பமெல்லாம் கூடற அன்பியச் செபக் கூட்டம் எங்க வீட்டுல நடக்குது, பதினஞ்சு பேரு உக்காந்திருக்காங்க, எழுந்து நின்னு, எனக்கு ஒரு மக இருந்தா, அவ செத்துட்டா, அவ ஆத்துமாவுக்கு வேண்டிக்கோங்கன்னு சொல்லிட்டு, செபத்தையும் அவரே ஆரம்பிச்சுட்டாரு. பதினஞ்சு பேரும் கூடச் சொன்னாங்க. நானும் சொன்னேன். செபம்னு ஆரம்பிச்சா வாய் தானா போவும் கண்ணு, பழக்கம்.

செபத்தோட விட்டிருந்தா ஒண்ணுமில்ல. இந்தச் செடி விடல. வீட்டு வாசல்ல ஏழு செடி. கர்னல் வீட்டுல கவாத்து பண்ணின குச்சிய நான்தான் கொண்டாந்து குடுத்தேன், பதினாலு வயசுல ஜெசிந்தா நட்டது. எட்டு வருஷம் வளத்தா. தலைக்குத் துண்டு கட்டிட்டுக் காலையில சொம்பும் கையுமா நிப்பா. அவ போனப்புறம் அந்த வருஷம் பூத்துச்சு பாரு, அப்படி என்னைக்கும் பூத்ததில்ல. ரோட்டுல போறவங்க எல்லாம், ஜெசி ரோஸ் ஒண்ணு பறிச்சுக்கட்டுமா அக்கான்னு கேக்கறாங்க. செத்துட்டான்னு சொன்னவ பேரு காலையில ஏழு தடவ வாசல்ல கேக்குது. அவரால தாங்க முடியல. ஒரு நாளு கவாத்துக் கத்திய எடுத்துட்டு எறங்கிட்டாரு.

நான் குறுக்க போயி நின்னேன். செடி என்ன பண்ணுச்சு, நான் எடுத்து வேற எடத்துல வைக்கறேன்னேன். பச்சைச் செடிய வெட்ட எனக்கு மனசு வராது. பொண்ணுக்காக நின்னியான்னா கேக்கற? அதுக்கு நிக்கற மாதிரி அவரு எனக்கு எடம் குடுக்கலியே. செடிக்காகத்தான் நின்னேன்.

வேற எடம்னா எங்க? எஸ்டேட் லைன் வீடு எங்களுது, வாசல விட்டா ரோடு, பின்னாடி தேயிலை. கல்லறைத் தோட்டத்துல எங்க மாமியார் கல்லறைக்குப் பக்கத்துல ஆறடி எடம் எங்களுக்குன்னு ஒதுக்கி வெச்சிருந்துச்சு, அவருக்கும் எனக்கும். சும்மாதான கெடக்குதுன்னு அங்க கொண்டு போயி வெச்சேன். ஏழையும் ஒரே நாள்ல. நான் ஒருத்தியாத்தான்.

இதைக் கொஞ்சம் கவனிச்சுக் கேளு. வேணும்னு நான் அப்படி வைக்கல. நடக்க வழி விடணும், வேருக்கு வேர் எடம் விடணும். அந்தப் பக்கம் மூணு, இந்தப் பக்கம் மூணு, மிச்சம் ஒண்ண மேல வெச்சேன். குழி எடுத்த மண்ணு மிஞ்சுச்சு. ஐப்பசி மழைக்குத் தண்ணி தேங்கினா வேர் அழுகும், அதனால மிஞ்சின மண்ண நடுவுல அள்ளிப் போட்டு மேடாக்கி, தண்ணி ரெண்டு பக்கமும் வடியற மாதிரி கையால தட்டி விட்டேன். தோட்ட வேலை தெரிஞ்சவங்க யாரா இருந்தாலும் அப்படித்தான் பண்ணுவாங்க. எல்லாம் முடிச்சு, கை கழுவிட்டு, கொஞ்சம் தள்ளி வந்து திரும்பிப் பாத்தேன். புதுக் கல்லறை மாதிரி இருந்துச்சு.

கலைச்சிருக்கலாம். ஆனா அன்னிக்கே எடுத்து நட்ட செடிய அன்னிக்கே தோண்டினா ஒண்ணுகூட தேறாது.

என்ன, பஸ்ஸு நின்னுருச்சு? காட்டெருமையா? நிக்கட்டும், அது போனாத்தான் நாம போவ முடியும். ஹாரன் அடிக்காம இருந்தா சரி. போன வாரம் ஒரு வண்டிய முட்டித் தள்ளிருச்சாம்.

கல்லறைத் திருநாள் தெரியும்ல உனக்கு? நவம்பர் ரெண்டாந்தேதி. அன்னிக்குக் கல்லறை எல்லாம் கழுவி, பூப் போட்டு, மெழுகுவத்தி கொளுத்துவோம். சாமியார் ஒவ்வொரு கல்லறையா வந்து தீர்த்தம் தெளிச்சு மந்திரிப்பாரு, செத்தவங்க பேரச் சொல்லி வேண்டுவாரு. கூடவே தீர்த்தச் செம்ப எடுத்துட்டு உபதேசியார் போவாரு. நான் செடி வெச்சுப் பத்து நாளுதான் ஆகியிருந்துச்சு. பங்குக்குப் புதுசா வந்த சாமியார், சின்ன வயசு, யாரையும் தெரியாது. மாமியார் கல்லறைய முடிச்சுட்டு அடுத்ததுக்கு வந்துட்டாரு. யாரோ அதுக்குள்ள அந்த மேட்டு மேல ரெண்டு மெழுகுவத்தி வெச்சிருந்தாங்க. இது யாருங்க உபதேசியாரேன்னு கேட்டாரு.

அவரு செம்ப இந்தக் கைல இருந்து அந்தக் கைக்கு மாத்தினாரு. நான் நெனைச்சேன், செடிதான் ஃபாதர்னு சொல்லுவாருன்னு. எம் மக ஃபாதர், ஜெசிந்தான்னாரு.

அந்தச் சாமியார் கண்ணுல தண்ணி வந்துருச்சு. இளவயசா உபதேசியாரேன்னாரு. தீர்த்தம் தெளிச்சு, ஜெசிந்தா பேரச் சொல்லி, இந்த ஆத்துமாவுக்கு நித்திய இளைப்பாற்றி குடு ஆண்டவரேன்னு உருகி உருகி வேண்டினாரு. சுத்தி நின்ன சனம் அத்தனைக்கும் தெரியும், அவ கோத்தகிரில கேரட் பையனோட குடும்பம் நடத்தறான்னு. ஒருத்தர் வாயத் தொறக்கல. உபதேசியார் மேல அவ்வளவு மரியாதை. எல்லாரும் ஆமென்னு சொன்னாங்க. நானும் சொன்னேன்.

அடுத்த வருசம் அவரே மரச் சிலுவை ஒண்ணு அடிச்சு, பெயிண்டுல பேரு எழுதிக் கொண்டாந்து நட்டாரு. செடியும் நல்லாப் புடிச்சுக்கிச்சு. வீட்டுல இருந்தத விட அங்கதான் தளதளன்னு வந்துச்சு. வாரத்துக்கு ஒரு தடவ போயி நான்தான் களை எடுப்பேன், சாணி கரைச்சு ஊத்துவேன். அந்த வருசமும் சாமியார் வேண்டினாரு, அந்த வருசமும் ஆமென் சொன்னேன்.

போன வருசம் அவ வந்துட்டா.

கல்லறைத் திருநாள் அன்னிக்குத்தான் வந்தா. வீட்டுக்கு வந்தா அப்பா சத்தம் போடுவாரு, கல்லறைல அத்தனை பேரு முன்னாடி, சாமியார் முன்னாடி போட மாட்டாருன்னு கணக்குப் பண்ணி வந்திருக்கா. புத்திசாலி. இடுப்புல ஒரு பொம்பளப் புள்ள, ஒரு வயசு இருக்கும். பனி மூட்டம் அன்னிக்கு. நான் குனிஞ்சு மெழுகுவத்தி ஏத்திட்டிருக்கேன், முதுகுக்குப் பின்னாடி அவ குரலு. என் செடியெல்லாம் இங்கயாம்மா கொண்டாந்து வெச்சேங்குது. அவ்வளவு சந்தோசமாக் கேட்டா கண்ணு. நான் அவ செடிய வெட்டாமக் காப்பாத்தி வெச்சிருக்கேன்னு அவளுக்கு அப்படி ஒரு சந்தோசம். புள்ளகிட்ட, இது பாருடி, அம்மா வெச்ச பூன்னு காமிக்கறா. அது கைய நீட்டுது.

அப்புறம் சிலுவையில இருந்த பேரப் படிச்சா.

சத்தம் போடுவான்னு பாத்தேன், போடல. என்னையவே பாத்துட்டு நிக்கறா. அந்த நேரம்தானா சாமியாரும் அவரும் மேல் படியில இருந்து எறங்கி வரணும்? சுத்தி நின்னவங்க எல்லாரும் அவளப் பாத்தாங்க. கூடப் படிச்சவ நிக்கறா, ஞானஸ்நானத்துக்கு அவளக் கையில ஏந்தின ஞானத்தாய் நிக்கறா. எல்லாரும் கையில இருந்த மெழுகுவத்தியப் பாத்துட்டு நின்னாங்க. சாமியாருக்கு அவ புதுசு. செடிகிட்ட புள்ளயோட நிக்கறவளப் பாத்து, இவங்க யாரும்மா, சொந்தமான்னு என்கிட்ட கேக்கறாரு.

நான் என்ன சொல்லுவேன், நீயே சொல்லு. ரெண்டு வருசமா அந்தச் சாமியார் கண்ணீர் விட்டு வேண்டியிருக்காரு. தீர்த்தச் செம்போட எங்க வீட்டுக்காரர் நிக்கறாரு. இவதான் ஃபாதர் ஜெசிந்தான்னு சொன்னா அந்த எடத்துலயே அவரு பொய்யனாப் போயிருவாரு. முப்பது வருசம் உபதேசியாரா இருந்தவரு. அவரு மானத்துக்காகத்தான் சொன்னேன்.

தெரியாதுங்க ஃபாதர், கல்லறை பாக்க வந்தவங்கன்னு சொன்னேன்.

அப்புறம் சாமியார் மந்திரிச்சாரு. அவ பேரச் சொல்லித்தான். அவ அங்கயே நிக்கறா, கேட்டுட்டு நிக்கறா. ஜெசிந்தாவோட ஆத்துமாவுக்கு இளைப்பாற்றி குடுன்னு அவரு சொல்ல, எல்லாரும் வாய்க்குள்ளயே முனகினாங்க. அவ மட்டும் சத்தமா, தெளிவா ஆமென்னு சொன்னா. சின்னதுலயே அவளுக்கு நல்ல கணீர்க் குரலு. கோயில்ல பாடுவா. தீர்த்தத் துளி அவ மேலயும் புள்ள மேலயும் பட்டுச்சு. அந்தப் புள்ள செடியப் புடிச்சு முள்ளு குத்தி வீல்னு அழ ஆரம்பிச்சுது. தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு, திரும்பிக்கூடப் பாக்காம பனிக்குள்ள போயிட்டா. அழுகைச் சத்தம் மட்டும் ரொம்ப நேரம் கேட்டுட்டே இருந்துச்சு. இப்பவும் பனி எறங்கினா எனக்கு அது கேக்குது.

அதுக்கப்புறந்தான் வீட்டுல ஆரம்பிச்சுது.

சொன்னா சிரிப்பே. செத்தவங்க வந்தா பேயின்னு சொல்லலாம், உசுரோட இருக்கறவ வந்தா என்னன்னு சொல்றது? காலையில ஆறு மணிக்கு வாசக்கதவத் தொறந்தா, செடி இருந்த எடத்துல, இப்ப வெறும் மண்ணு, அங்க தலைக்குத் துண்டு கட்டிட்டு நிக்கறா. கையில சொம்பு இருக்கு. தண்ணி விழற சத்தம் கேக்குது. மண்ணு நனையல. கூப்புட்டா திரும்பறதில்ல. பக்கத்துல போனா பனிதான் இருக்குது. மொதல்ல எனக்கு மட்டுந்தான்னு நெனைச்சேன். ஒரு நாளு அவரு கதவத் தொறந்து நின்னு, ஜெசி, பனியில நிக்காத, உள்ள வான்னாரு. சொல்லிட்டு என்னத் திரும்பிப் பாத்தாரு. நாங்க ரெண்டு பேரும் அதைப் பத்திப் பேசிக்கவே இல்ல. அன்னில இருந்து சாவு வீட்டுக்குக் கூப்புட்டா, தொண்டை சரியில்லன்னு போகாம இருந்துட்டாரு.

ஆனி மாசம் படுத்துட்டாரு. ஒரு பக்கம் கை கால் வரல. பேச்சு கொழறுது. ஆனா எனக்குப் புரியும். மதலேன், அவளக் கூட்டிட்டு வான்னாரு. எம் பேரு மதலேன். நாலஞ்சு தடவ சொன்னாரு. கையப் புடிச்சுட்டு சொன்னாரு. நான்தான், ஒடம்பு கொஞ்சம் தேறட்டும், இந்தக் கோலத்துல அவ வந்து பாத்தா உங்களுக்குத்தான் கேவலம், பங்குல எல்லாரும் வந்து போற வீடுன்னு சொல்லிட்டேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். அவளும் ரெண்டு தடவ போன் பண்ணினா. எங்க வீட்டுல சிக்னல் சரியா இருக்காது. பேரு மட்டும் தெரியும், எடுத்தாலும் விட்டு விட்டுக் கேக்கும். எடுக்கல. ஆடி பொறந்து நாலாம் நாளு போயிட்டாரு. என்ன பிடிவாதம் புடிச்ச மனுசன் தெரியுமா, அந்தப் பிடிவாதம்தான் இத்தனைக்கும் காரணம்.

அடக்கத்துல இன்னொண்ணு நடந்துச்சு. அதைச் சொல்லிர்றேன். அவருக்குன்னு ஒதுக்கின எடம் அதுதான, அவங்கம்மா பக்கத்துல. குழி வெட்டற சின்னப்பன் வந்து என் முன்னாடி நின்னு, அக்கா, அங்கயே வெட்டட்டுமான்னு கேக்கறான். அவனுக்குத் தெரியும். எங்க ஊருல குழின்னா அவன் வெட்டாம வேற யாரு வெட்டினா? அங்க கீழ ஒண்ணுமில்லன்னு அவனுக்கு நல்லாத் தெரியும். அதுக்குள்ள சாமியார், அங்க மக இருக்காளே, இவ்வளவு சீக்கிரம் தொறக்கக் கூடாதேன்னு சொல்றாரு. எல்லாரும் எம் மூஞ்சியப் பாக்கறாங்க. ஒரு வார்த்தை, அங்க யாருமில்ல ஃபாதர்னு ஒரே ஒரு வார்த்தை. பெட்டிக்குள்ள அவரு கெடக்கறாரு. அந்த நேரத்துல அதைச் சொல்ல முடியுமா? வேற எடத்துல வெட்டு சின்னப்பான்னுட்டேன். கீழ செவுத்தோரமா, தண்ணி ஓடற எடத்துல வெட்டினான். அவங்கம்மாகிட்ட படுக்கணும்னு அவருக்கு அவ்வளவு ஆசை. அவரு அங்க தனியாக் கெடக்கறாரு, யாருமே இல்லாத கல்லறைல பூவாப் பூத்துக் கெடக்குது.

எருமை போயிருச்சு போல. நகருது.

இப்ப எதுக்கு இந்த அவசரம்னு கேப்பே. போன வாரம் குன்னூர் மார்க்கெட்டுல கதிர்வேலோட லாரில போற ஒருத்தனப் பாத்தேன். ஜெசிந்தாவுக்கு மறுபடி அஞ்சு மாசமாம். ஒடம்புல ரத்தமே இல்லையாம், நின்னா மயக்கமாம், எந்திரிக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிப் படுக்க வெச்சிருக்காங்களாம். ஆளே வெளுத்துட்டான்னு சொன்னான். வாங்கின காய அங்கயே வெச்சுட்டு வந்துட்டேன். கேட்டுக்கோ கண்ணு, மூணு வருசம். மூணு தடவ அவ பேரச் சொல்லி, இளைப்பாற்றி குடு, இளைப்பாற்றி குடுன்னு ஊரே சேந்து கேட்டிருக்கோம். செத்தவங்களுக்குத்தான் அந்த ஓய்வு. பெத்தவ நானும் கேட்டிருக்கேன். போன தடவ அவளே கேட்டுட்டா. எத்தனை தடவ கேட்டாலும் குடுக்காம இருக்க ஆண்டவரென்ன மனுசனா? இன்னும் நாலு நாளுல திருநாள் வருது. சாமியார் மறுபடி அந்த மேட்டுக்கிட்ட வருவாரு, பேரச் சொல்லுவாரு. அதுக்கு முன்னாடி அந்தக் கல்லறைய ஒண்ணுமில்லாமப் பண்ணிரணும்.

ஏழையும் எடுத்து, மேட்ட வெட்டிச் சரிசமமாக்கிட்டா அங்க யாரும் இல்லைன்னு ஆயிரும். சாமியார்கிட்ட போயி சொல்லிரலாமேன்னு நீ கேப்பே. சொல்லலாம். செத்தவரு பேரு கெடும் கண்ணு. செடிய எடுத்தா யாரு பேரும் கெடாது. மொதல்ல தலைமாட்டுல இருக்கறத எடுக்கலாம்னு நேத்து காலையில போயித் தோண்டினேன். ஞானத்தாய்க்காரி பாத்துட்டா. செத்தவ தலைமாட்டுச் செடிய யாராவது எடுப்பாங்களா மதலேன்னு கேக்கறா. அவளா கேக்கறா பாரு, எல்லாம் தெரிஞ்சவ. பூச்சி விழுந்துருச்சு, வேற எடத்துல வெச்சுப் பாக்கறேன்னேன். பூச்சியெல்லாம் ஒண்ணுமில்ல இதுக்கு, பயப்படாத.

வேர் ரொம்பக் கீழ போயிருந்துச்சு. கடப்பாரைக்கு அசையல. அடியில கையை விட்டுத் துழாவினேன் பாரு, முழங்கை வரைக்கும் உள்ள போவுது, வெறும் மண்ணு. அங்க ஒண்ணுமில்லன்னு எனக்குத் தெரியும்தான? தெரிஞ்சும் என் கை எதையோ தேடுச்சு. ஒரு துணி, ஒரு வளையல்னு ஏதாவது தட்டுப்படுமோன்னு எனக்கு அப்படி ஒரு பயம். வெளிய எடுத்துக் கையக் கழுவினேன், மண்ணு போன பெறகும் கழுவினேன். வாய் விட்டு அழுதேன். அவரு செத்தப்பக்கூட நான் அப்படி அழல.

ஊரு வந்துருச்சா? இது டானிங்டனா? அப்ப இன்னும் அஞ்சு நிமிசம்தான்.

நீ எங்க எறங்கணும்? மார்க்கெட்டா. அங்கதான் கண்ணு அவ வீடும். மார்க்கெட்டுக்குப் பின்னாடி, கேரட் கழுவற எடத்துக்கு மேல் சந்து, நீலக் கதவு. லாரிக்காரன் அடையாளம் சொன்னான். நீ நடந்து போற வழிதான். உன்ன ஒண்ணு கேக்கட்டுமா? மாட்டேன்னு சொல்லாத. நீ இதைக் கொண்டு போயி அவகிட்ட குடுத்துரு. கனம் ஒண்ணும் இல்ல, ஒரு கைக்கொழந்தை கனம். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள நட்டுரணும். சாக்க அவுக்க வேண்டாம், சாக்கோட குழில வெச்சாக்கூடப் போதும், அதுவா மக்கிரும். நட்டதும் ரெண்டு கொடம் தண்ணி. பத்து நாளைக்கு எலை எல்லாம் கொட்டும், செத்துருச்சுன்னு புடுங்கிப் போட்டுறக் கூடாது. குச்சியாத்தான் நிக்கும். தை மாசம் துளிர் விடும். அவளுக்கே தெரியும், ஆனாலும் சொல்லு. அவ எந்திரிக்கக் கூடாது. புருசன நடச் சொல்லு.

நானா? நான் எப்படி வருவேன்? நீலக் கதவத் தொறந்து, யாரு நீங்கன்னு அவ கேட்டா? அவளுக்குக் கேக்கறதுக்கு உரிமை இருக்குல்ல. எனக்கு வராது கண்ணு. உன் கைய வேணா புடிச்சுக் கேக்கறேன்.

யாரு குடுத்தாங்கன்னு கேப்பா. கேக்காம வாங்க மாட்டா. அம்மான்னு சொன்னா செடிய அந்தப்பக்கம் ஓடைலதான் வீசுவா, எம் மகள எனக்குத் தெரியாதா. அதனால நீ ஒண்ணு சொல்லு. உங்கம்மா செத்துப் போச்சு, போறதுக்கு முன்னாடி உனக்குக் குடுக்கச் சொல்லுச்சுன்னு சொல்லு. செத்தவங்க குடுத்தத வேண்டாம்னு சொல்ற புள்ள இல்ல அவ. வாங்கிக்குவா. ஏன் அப்படிப் பாக்கற? இதுல என்ன பாவம் இருக்கு, நாங்க அவளச் சொல்லலியா? எப்பன்னு கேட்டா போன வாரம்னு சொல்லு. எங்க அடக்கம் பண்ணாங்கன்னு கேட்டா உனக்குத் தெரியாதுன்னுரு.

புடி. அடியில கை குடுத்துப் புடி, அப்படித்தான். நான் பஸ் ஸ்டாண்டுல டீக்கடைகிட்டயே உக்காந்திருக்கேன், எவ்வளவு நேரமானாலும் இருக்கேன். நீ திரும்பி வந்து ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போ. நான் செத்துட்டேன்னு சொன்னதும் அவ அழுதாளா, இல்லையா.